அடுக்களையிலும் ஒரு போர்க்களம்

மாணவியரே, "ரேஷன் அட்டை எங்கே?" என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அம்மா தேடாமலே எடுத்துக் கொடுத்துவிடுவார். அரிசி டப்பாவுக்குப் பின்னாலோ, மாதா படத்தின் அருகிலோ, பூசை மாடத்தின் ஓரத்திலோ அதற்கென்று ஓர் இடம் இருக்கும். முன்பு அது பல பக்கங்கள் கொண்ட சிறு புத்தகமாக இருந்தது. இப்போது உள்ளங்கையில் அடங்கும் அட்டையாகிவிட்டது. அந்த அட்டைக்கும் போர்க்களத்துக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? உண்டு. பண்டங்களை அளந்து பங்கிட்டுக் கொடுக்கும் இந்த ஏற்பாடு நம் நாட்டில் இரண்டாம் உலகப் போரின்போது தொடங்கியது. ஆகவே நாம் அறியாமலே போர்க்காலப் பொருள் ஒன்றை நம் அடுக்களையில் வைத்திருக்கிறோம்.

வரலாற்றுப் பாடத்தில் போர் என்றால் நாம் என்ன படிக்கிறோம்? எந்த ஆண்டு தொடங்கியது, எந்த ஆண்டு முடிந்தது, யார் வென்றார், யார் தோற்றார் என்பதையே மனப்பாடம் செய்கிறோம். அந்த ஆறு ஆண்டுகளும் அம்மா என்ன சமைத்தாள், தங்கை எங்கே தூங்கினாள், பள்ளிக்கூடம் நடந்ததா என்று பாடநூல் சொல்வதில்லை. அதைச் சொல்வதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இங்கிலாந்து நாட்டின் வடபகுதியில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறது. இக்கட்டுரையின் வழியே நாம் அங்கே ஒருமுறை போய் வருவோம்.

முள்வேலிக்குள் ஓர் ஊர்

யார்க்ஷயர் பகுதியில் யார்க் என்னும் பழம்பெரும் நகரம் இருக்கிறது. அங்கிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் மால்ட்டன் என்ற சந்தைப்பேட்டை வரும். சுற்றிலும் வயல்களும் ஆட்டு மந்தைகளும் உள்ள அமைதியான ஊர். ஊருக்கு வெளியே வரிசை வரிசையாகத் தாழ்ந்த கூரையுடைய கொட்டகைகள் நிற்கின்றன. அதன் பெயர் 'ஈடன் கேம்ப்'. 'ஈடன்' என்றதும் நமக்கு ஆதாம் ஏவாளின் தோட்டம் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஈடனைச் சுற்றி ஒரு காலத்தில் முள்வேலியும் காவல் கோபுரமும் இருந்தன. இது போர்க்கைதிகளை அடைத்து வைத்த முகாம்.

1942-ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு இந்த நிலத்தைப் போர்த் தேவைக்காக எடுத்துக்கொண்டது. வட ஆப்பிரிக்கப் போர்முனையில் பிடிபட்ட இத்தாலியச் சிப்பாய்களை முதலில் கூடாரங்களில் தங்க வைத்தனர். நிலையான கொட்டகைகளை அந்தக் கைதிகளே கட்டினார்கள். தம்மை அடைக்கும் சிறையைத் தாமே கட்டினார்கள் என்றால் எவ்வளவு விந்தை! அவர்கள் போன பின் 1944-இன் தொடக்கத்தில் போலந்து நாட்டுப் படையினர் சில காலம் தங்கினர். அதன் பின் ஜெர்மானியக் கைதிகள் வந்தனர். போர் 1945-இல் முடிந்த பிறகும் அவர்கள் சில ஆண்டுகள் அங்கேயே இருந்தனர். பிற்காலத்தில் முகாம் வெறிச்சோடிக் கிடந்தது.

1985-இல் உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர் அந்த இடத்தை வாங்கினார். உருளைக்கிழங்கு வறுவல் செய்யும் தொழிற்சாலை கட்டுவது அவருடைய எண்ணம். அப்போது மூன்று இத்தாலிய முதியவர்கள் அவரிடம் வந்தார்கள். "நாங்கள் இங்கே கைதிகளாக இருந்தவர்கள். எங்கள் பழைய முகாமை ஒருமுறை சுற்றிப் பார்க்கலாமா?" என்பது அவர்கள் கேட்டதன் பொருள். அந்தக் கேள்வி அவர் மனத்தை மாற்றியது. வறுவல் தொழிற்சாலை வரவில்லை. 1987 மார்ச் மாதம் அந்த இடம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மூன்று முதியவர்கள் தம் துன்பத்தின் இடத்தைத் தேடி வராமல் இருந்திருந்தால் அந்தக் கொட்டகைகள் இன்று இருந்திருக்குமா என்பதே ஐயம்தான்.

காட்சிசாலை பேசும் முறை

அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டியும், அதற்குள் ஒரு பழம்பொருளும், பக்கத்தில் ஒரு சீட்டும் நம் நினைவுக்கு வரும். இங்கே முறை வேறு. ஒவ்வொரு கொட்டகையும் போர்க்காலத்தின் ஒரு காட்சி. ஒன்றில் நுழைந்தால் போர்க்காலக் கடைத்தெரு. இன்னொன்றில் குண்டு விழுந்து இடிந்த தெரு. மற்றொன்றில் நீர்மூழ்கிக் கப்பலின் குறுகிய வயிறு. ஆளுயரப் பொம்மைகள் அந்நாளைய உடையில் நிற்கின்றன. அபாயச் சங்கு ஊதுகிறது. புகை நாற்றம் மூக்கில் ஏறுகிறது.

இப்படி ஏன் செய்கிறார்கள்? கண்ணால் மட்டும் கண்டதைவிடக் காதும் மூக்கும் சேர்ந்து உணர்ந்தது மனத்தில் நெடுநாள் நிற்கும். மேலும் அந்தப் போரை நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. அவர்கள் வாய்ச்சொல்லால் சொன்னதை இனிப் பொருள்கள்தாம் சொல்ல வேண்டும். அத்தகைய பொருள்கள் சிலவற்றை நாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு வாரத்துக்கு ஒரு முட்டை

முதற்பொருள், மங்கிய நிறத்தில் ஒரு சிறு புத்தகம். அதுதான் இங்கிலாந்தின் ரேஷன் புத்தகம்.

இங்கிலாந்து ஒரு தீவு. போருக்கு முன்னால் அந்நாட்டு மக்கள் உண்ட உணவில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி கப்பலில் வந்தது. கோதுமை கனடாவிலிருந்தும், தேயிலை இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தன. மலைத் தோட்டங்களில் நம் தமிழ்ப் பெண்கள் கிள்ளிய கொழுந்தும் அவற்றுள் அடங்கும். போர் தொடங்கியதும் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அந்தச் சரக்குக் கப்பல்களை வேட்டையாடின. ஆங்கிலேயச் சரக்குக் கப்பல்களில் வேலை செய்த 30,000-க்கும் மேற்பட்ட கடலோடிகள் உயிரிழந்தனர். அவர்களுள் இந்தியர் ஆயிரக்கணக்கானோர். அருங்காட்சியகத்தின் நீர்மூழ்கிக் காட்சிக்கும் ரேஷன் புத்தகத்துக்கும் உள்ள உறவு இதுதான். கடலில் ஒரு கப்பல் மூழ்கினால் அடுக்களையில் ஒரு டப்பா காலியாகும்.

1940 ஜனவரி 8-ஆம் நாள் உணவுப் பங்கீடு தொடங்கியது. முதலில் வெண்ணெய், சர்க்கரை, உப்பிட்ட பன்றியிறைச்சி. பிறகு தேயிலை, பாலாடைக்கட்டி, முட்டை, மிட்டாய் என்று பட்டியல் நீண்டது. அளவு காலத்துக்குக் காலம் மாறினாலும், பெரியவர் ஒருவருக்கு ஒரு வாரத்துக்குக் கிடைத்தது பொதுவாக இவ்வளவுதான்: தேயிலை 2 அவுன்சு, அதாவது 57 கிராம், வெண்ணெய் 2 அவுன்சு, சர்க்கரை 8 அவுன்சு, முட்டை ஒன்று. ஒவ்வொரு குடும்பமும் தான் வாங்கும் கடையில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். வாங்கும்போது கடைக்காரர் புத்தகத்திலுள்ள கட்டத்தை வெட்டி எடுப்பார் அல்லது முத்திரை குத்துவார். பணம் எவ்வளவு இருந்தாலும் கட்டம் தீர்ந்தால் பண்டம் இல்லை.

புத்தகத்தின் நிறத்தையும் நாம் கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்கு மங்கிய மஞ்சள். ஐந்து வயது முதல் பதினாறு வரை உள்ள பிள்ளைகளுக்கு நீலம். கருவுற்ற பெண்களுக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் பச்சை. பச்சைப் புத்தகம் வைத்திருப்பவருக்குப் பாலும் பழமும் முதலில். முட்டையும் அதிகம். வலியவன் முந்திக்கொள்வது உலக வழக்கம். அந்தப் பஞ்ச காலத்திலோ மெலியவர் முன்னே நிறுத்தப்பட்டனர்.

அரச குடும்பத்துக்கும் ரேஷன் புத்தகம் கொடுக்கப்பட்டது. எரிபொருளை மிச்சப்படுத்தக் குளியல் தொட்டியில் ஐந்து அங்குல உயரத்துக்கு மேல் வெந்நீர் நிரப்பக் கூடாது என்று சொன்னபோது, பக்கிங்ஹாம் அரண்மனைத் தொட்டியிலும் அந்த அளவுக்குக் கோடு போட்டார்கள். துணிக்கும் 1941 ஜூன் முதல் பங்கீடு வந்தது. ஓர் ஆண்டுக்கு ஒருவருக்கு 66 கூப்பன்கள். கம்பளிக் கவுன் ஒன்றுக்கே 11 கூப்பன் போய்விடும். ஆகவே பழைய திரைச்சீலை பாவாடையாயிற்று. அப்பாவின் கால்சட்டை தம்பிக்குச் சட்டையாயிற்று. நம் தையல் வகுப்பில் ஒட்டுப்போடச் சலித்துக்கொள்கிறோமே, அந்தப் பெண்களுக்கு அது தேசத் தொண்டாகக் கற்பிக்கப்பட்டது. பூந்தோட்டங்கள் காய்கறிப் பாத்திகளாயின. லண்டன் கோட்டையின் அகழியிலும் காய்கறி விளைந்தது.

இவ்வளவு சிக்கனத்தின் விளைவு என்ன? உணவு குறைந்தது, ஆயினும் அந்நாட்டில் குழந்தை இறப்பு விகிதம் போர்க்காலத்தில் குறைந்தது. ஏழை வீட்டுக் குழந்தைக்கும் பாலும், மீன் எண்ணெயும், ஆரஞ்சுச் சாறும் உறுதியாகக் கிடைத்ததே அதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்த உண்மையை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். கட்டுரையின் பிற்பகுதியில் இது மீண்டும் வரும்.

பெயர்ச்சீட்டு கட்டிய பிள்ளைகள்

இரண்டாவது பொருள் ஒரு சிறு அட்டைச் சீட்டு. பார்சலில் கட்டுவது போன்ற சீட்டுதான். ஆனால் அதைக் கட்டியது பிள்ளைகளின் சட்டையில்.

1939 செப்டம்பர் 1-ஆம் நாள் ஜெர்மனி போலந்தின் மீது படையெடுத்தது. அன்றே இங்கிலாந்தின் பெருநகரங்களிலிருந்து பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினர். குண்டு விழுந்தால் நகரங்களில்தான் விழும் என்ற அச்சம். மூன்றே நாட்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் இடம் மாறினர். அவர்களுள் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். ஒரு கையில் சிறு பெட்டி, தோளில் முகமூடிப் பெட்டி, சட்டையில் பெயர்ச்சீட்டு. ஆசிரியைகள் உடன் சென்றனர். பெரும்பாலான தாய்மார் இரயில் நிலையத்தோடு நின்றுவிட்டனர். போய்ச் சேர்ந்த ஊரில் முன்பின் அறியாத குடும்பத்தார் வந்து, "இந்தப் பெண்ணை நாங்கள் அழைத்துப் போகிறோம்" என்று தெரிந்தெடுப்பார்கள். அன்பான வீடு கிடைத்தவர்கள் உண்டு. அல்லற்பட்டவர்களும் உண்டு. கடைசிவரை யாரும் அழைக்காமல் மண்டபத்து மூலையில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் நிலையை நாம் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். விடுதியில் சேர்ந்த முதல் நாளை மறவாத நம் தோழியருக்கு அது எளிதில் விளங்கும்.

முகமூடி என்றோமே, அது நச்சுப் புகையிலிருந்து காக்கும் இரப்பர் முகமூடி. போர் தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே, 1938-இல், ஏறத்தாழ 3 கோடியே 80 லட்சம் முகமூடிகளை மக்களுக்கு வழங்கினார்கள். சிறு பிள்ளைகள் பயப்படாதிருக்கச் சிவப்பு நிறத்தில் செய்து, 'மிக்கி மவுஸ்' என்று பெயரிட்டனர். கைக்குழந்தைக்கோ இடுப்புவரை மூடும் பை போன்ற ஒரு கருவி. அதனுள் காற்றுச் செலுத்த ஒரு துருத்தி உண்டு. தாய் அதைக் கையால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அவள் கை ஓய்ந்தால் குழந்தைக்கு மூச்சுக்காற்று குறையும். நல்ல வேளையாக இங்கிலாந்தின் மீது நச்சுப் புகைக் குண்டு விழவே இல்லை. ஆயினும் அந்தத் துருத்தியை அழுத்திப் பழகிய தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

இருட்டும் இடியும்

மூன்றாவது பொருள் ஒரு கறுப்புத் துணி. மாலையானதும் ஒவ்வொரு வீட்டிலும் சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூட வேண்டும். தெருவிளக்கு எரியாது. ஒரு கீற்று வெளிச்சம் வெளியே தெரிந்தாலும் காவல் தொண்டர் கதவைத் தட்டுவார். மேலே பறக்கும் எதிரி விமானத்துக்கு ஊர் இருப்பது தெரியக்கூடாது என்பதே இந்த இருட்டடிப்பின் நோக்கம்.

1940 செப்டம்பர் 7-ஆம் நாள் லண்டன் மீது பெருங்குண்டு வீச்சு தொடங்கியது. தொடர்ந்து 57 இரவுகள் அந்நகரில் குண்டு விழுந்தது. அடுத்த ஆண்டு மே மாதம்வரை நீடித்த அத்தாக்குதல்களில் நாடெங்கும் 40,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். மக்கள் எங்கே ஒதுங்கினார்கள்? தோட்டமுள்ளவர்கள் தரையைத் தோண்டி, வளைந்த இரும்புத் தகடுகளை நிறுத்தி, மேலே மண்ணைப் போட்டுப் பதுங்குமிடம் அமைத்தனர். வருவாய் குறைந்தவர்களுக்கு அரசு அந்தத் தகடுகளை இலவசமாகத் தந்தது. தோட்டம் இல்லாதவர்களுக்கு 1941 முதல் இரும்பு மேசை ஒன்று கிடைத்தது. பகலில் அதன்மேல் சாப்பாடு. இரவில் அதன்கீழ் உறக்கம். வீடே இடிந்து விழுந்தாலும் மேசை தாங்கும். லண்டனில் பல்லாயிரம் பேர் தரைக்கடியில் உள்ள இரயில் நிலையங்களில் படுத்துறங்கினர்.

இந்த இடத்தில் நாம் மால்ட்டனை விட்டுச் சற்று விலகி, முன்பு சொன்ன யார்க் நகருக்குப் போவோம். அங்கே 'பார் கான்வென்ட்' என்ற கன்னியர் மடம் இருக்கிறது. கத்தோலிக்க மறைக்குத் தடை இருந்த காலத்தில், 1686-ஆம் ஆண்டு மறைவாகத் தொடங்கப்பட்ட இம்மடத்தில் கன்னியர் பெண் குழந்தைகளுக்குக் கல்வி புகட்டி வந்தனர். 1942 ஏப்ரல் 29-ஆம் நாள் விடியுமுன் யார்க் நகரம் தாக்கப்பட்டது. மடத்தின் மீதும் குண்டு விழுந்தது. ஐந்து அருட்சகோதரியர் உயிர் நீத்தனர். அவர்கள் எந்தப் படையிலும் சேர்ந்தவர்கள் அல்லர். துப்பாக்கியைத் தொட்டவர்களும் அல்லர். போர் யாருடைய கதவையும் கேட்டுத் தட்டுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அவர்களுக்காக நாம் ஒரு மன்றாட்டைச் சொல்லிவிட்டு மீண்டும் கொட்டகைகளுக்குத் திரும்புவோம்.

பெண்களின் கையில்

ஆண்கள் போர்முனைக்குச் சென்றபின் ஏரைப் பிடித்தது யார்? இயந்திரத்தை ஓட்டியது யார்? பெண்கள்தாம். 1941 டிசம்பரில் இங்கிலாந்து ஒரு சட்டம் செய்தது. 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்கள் நாட்டுப் பணிக்கு வந்தே தீர வேண்டும் என்றது அச்சட்டம். படைத்துணைப் பணியோ, ஊர்க்காவலோ, ஆலை வேலையோ, ஏதேனும் ஒன்று.

'மகளிர் நிலப்படை' என்ற அமைப்பில் 1943-இல் 80,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தனர். அவர்களுள் பலர் பசுவைக்கூட அருகில் பார்த்திராத நகரப் பெண்கள் என்று சொன்னால் மிகையாகாது. அவர்கள் பால் கறந்தார்கள், டிராக்டர் ஓட்டினார்கள், மரம் வெட்டினார்கள். வேறு சிலர் புதிய போர் விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து விமானத் தளத்துக்கு ஓட்டிச் சென்றனர். அந்தப் பெண் விமானிகளுக்கு 1943 முதல் ஆண்களுக்குச் சமமான ஊதியம் கிடைத்தது. அக்காலத்தில் அது பெரும் புதுமை. ஏனெனில் ஆலைகளில் ஒரே வேலை செய்த பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலிதான். பிற்காலத்தில் அரசியான எலிசபெத் தம் பதினெட்டாம் வயதில், 1945-இல், மகளிர் படையில் சேர்ந்து லாரி ஓட்டவும் என்ஜினைப் பழுதுபார்க்கவும் கற்றார். "பெண்ணுக்கு இது வராது" என்ற பேச்சு எத்தனை எளிதாகப் பொய்த்துப் போயிற்று, பார்த்தீர்களா?

எதிரியின் முகம்

முகாமின் கதையில் மிகவும் சிந்திக்க வைப்பது கைதிகளின் கதைதான். 1929-இல் ஜெனீவாவில் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, கைதியை எப்படி நடத்த வேண்டும் என்று வகுத்தது. பிடித்த நாட்டின் சிப்பாய்க்குத் தளத்தில் என்ன உணவோ அதற்கு ஈடான உணவைக் கைதிக்கும் தர வேண்டும் என்பது அதன் ஒரு விதி. நேற்றுவரை நம்மைச் சுட்டவனுக்குச் சோறு போடுவதா என்று சிலர் முணுமுணுத்திருக்கலாம். ஆனால் சட்டம் அப்படித்தான் சொன்னது.

கைதிகள் பலர் சுற்றுப்புற வயல்களில் வேலை செய்தனர். போர் முடிந்து ஓராண்டு கடந்த பின், 1946 டிசம்பரில், ஆங்கிலேய வீடுகளுக்குச் செல்ல ஜெர்மானியக் கைதிகளுக்கு இசைவு கிடைத்தது. அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் பல குடும்பங்கள் அவர்களைத் தம் மேசைக்கு அழைத்தன. ரேஷனில் கிடைத்த சிறிது இறைச்சியில் அவர்களுக்கும் பங்கு. தம் மகனைப் போரில் இழந்த தாயும், தம் ஊரைக் குண்டுக்கு இழந்த இளைஞனும் எதிரெதிரே உட்கார்ந்து உண்டிருக்கக்கூடும். ஏறத்தாழ 25,000 ஜெர்மானியர் ஊர் திரும்பாமல் அங்கேயே குடியேறினர்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளிலும் இத்தாலியக் கைதிகள் இருந்தனர். வழிபட ஓர் ஆலயம் வேண்டும் என்று 1943-இல் இரண்டு தகரக் கொட்டகைகளை அவர்கள் கேட்டு வாங்கி ஒன்றாக இணைத்தார்கள். மாட்டிறைச்சி வந்த தகர டப்பாக்களை வெட்டி விளக்குத் தாங்கிகள் செய்தார்கள். டொமினிக்கோ கியோக்கெத்தி என்ற கைதி ஓர் ஓவியர். தாயார் கொடுத்தனுப்பிய சிறு மாதா படத்தைப் போர்க்களமெங்கும் தம்மிடம் வைத்திருந்தார். அதைப் பார்த்துப் பலிபீடத்துக்கு மேலே தேவமாதாவும் குழந்தை இயேசுவும் உள்ள ஓவியத்தை வரைந்தார். தோழர்கள் தீவை விட்டுப் போன பின்னும் வேலையை முடிக்கச் சில நாள் தங்கினார். அந்த ஆலயம் இன்றும் நிற்கிறது.

பங்கு கிடைக்காத இடம்

இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, "எவ்வளவு ஒழுங்கு! எவ்வளவு நேர்மை!" என்று நாம் வியந்து நின்றுவிட்டால் பாதி உண்மையைத்தான் அறிந்தவர்களாவோம். மறுபாதி நம் நாட்டில் இருக்கிறது.

அதே போர், அதே ஆட்சி, அதே ஆண்டுகள். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வங்காளத்துக்கு வந்த அரிசி நின்றது. எதிரி கையில் சிக்கக்கூடாதென்று கரையோர வங்காளத்தில் அரிசி இருப்பையும் படகுகளையும் அரசு அகற்றியது. அக்டோபரில் பெரும்புயல் வயல்களை அழித்தது. விலை ஏறிக்கொண்டே போயிற்று. கல்கத்தாவில் போர்த்தொழிலில் ஈடுபட்டோருக்கு உணவு ஏற்பாடு நடந்தது. கிராமத்து ஏழைக்கு அத்தகைய புத்தகமும் இல்லை, கட்டமும் இல்லை. 1943-இல் மூண்ட அந்தப் பஞ்சத்தில் 20 லட்சம் முதல் 30 லட்சம் பேர்வரை மாண்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். இங்கிலாந்தில் குண்டுக்கு இரையான பொதுமக்களைப் போல இது எத்தனையோ மடங்கு. இங்கே ஒரு குண்டும் தேவைப்படவில்லை.

யார்க் மடத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஐரிஷ் அருட்சகோதரி தம் நாட்டில் நிறுவியதே லொரேட்டோ சபை. அச்சபையின் கன்னியர் 1841-இன் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்து பள்ளி தொடங்கினர். நூறாண்டு கழித்து அச்சபையின் ஆசிரியையாகக் கல்கத்தாவில் பணியாற்றிய புனித அன்னை தெரசா, இந்தப் பஞ்ச நாட்களில் அந்நகரில்தான் இருந்தார். அக்காலத்தில் வங்காளத்தில் பள்ளிச் சிறுவனாக இருந்த இன்னொருவர் அமர்த்தியா சென். பசியால் வந்தவர்களைக் கண்ட அச்சிறுவர் பிற்காலத்தில் பொருளியல் அறிஞரானார். உணவு இல்லாமையால் மட்டும் பஞ்சம் வருவதில்லை, உணவைப் பெறும் வழி ஏழைக்கு அடைபட்டுப் போவதாலும் வருகிறது என்று 1981-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். 1998-இல் நோபல் பரிசும் பெற்றார்.

இப்போது பச்சை நிற ரேஷன் புத்தகத்தை மீண்டும் நினைத்துப் பாருங்கள். குறைந்த உணவைச் சரியாகப் பங்கிட்ட இடத்தில் குழந்தைகள் பிழைத்தனர். பங்கு கிடைக்காத இடத்தில் தாயும் பிள்ளையும் தெருவோரத்தில் மாண்டனர். ஒரு சிறு புத்தகம் உயிருக்கும் சாவுக்கும் இடையே நிற்க முடியும் என்பதே அந்தக் கொட்டகைகள் நமக்குச் சொல்லும் பெரிய பாடம்.

நம் வீட்டு அருங்காட்சியகம்

அந்தப் போர் நம் ஊர்களையும் தொடாமல் விடவில்லை. 1942 ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறன்று, கொழும்பு நகரின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டது. அந்த மாதமே அடுத்தது சென்னை என்று அஞ்சி, மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரைவிட்டு வெளியேறினர். அரசு அலுவலகங்கள் பல உள்ளூர்ப் பகுதிகளுக்கு மாற்றப்பட்டன. 25 லட்சம் இந்தியர் படையில் சேர்ந்து பல நாடுகளில் போரிட்டனர். 87,000 பேர் திரும்பவில்லை. பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து கால்நடையாகத் தப்பி வந்தவர்களும் நம் ஊர்களில் இருந்தார்கள்.

அந்நாளில் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார். நம் குடும்பத்தில் அப்படி ஒரு பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ இருந்தால், அவர் அருகில் உட்கார்ந்து கேட்போம். "அரிசிக்கு என்ன செய்தீர்கள் பாட்டி? விளக்கை எப்படி மறைத்தீர்கள்? யார் திரும்பி வரவில்லை?" என்று கேட்போம். கேட்டதைத் தேதியோடும் ஊர்ப் பெயரோடும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். பரணில் கிடக்கும் பழைய டிரங்குப் பெட்டியை எடைக்குப் போடுமுன் அது யாருடன் எங்கே போய் வந்தது என்று விசாரிப்போம். பாட்டி இல்லாத வீடுகளில் அவர் சொல்லக் கேட்ட அத்தையோ பெரியப்பாவோ இருப்பார்கள். அவர்களும் போன பிறகு அந்தப் பெட்டி வெறும் தகரமாகிவிடும்.

மால்ட்டன் ஊரின் கொட்டகைகளைக் காப்பாற்றியது பெருஞ்செல்வமோ பெரிய சங்கமோ அன்று. "சுற்றிப் பார்க்கலாமா?" என்று மூன்று முதியவர்கள் கேட்ட ஒரு கேள்வி. கேட்பதற்கு நமக்கும் வாய் உண்டு.

அடுத்த முறை அம்மா ரேஷன் அட்டையைக் கொடுத்து, "போய் வரிசையில் நில்" என்றால் நாம் முகம் சுளிக்க வேண்டாம். வரிசையில் நமக்கு முன்னே கைக்குழந்தையோடு ஒருத்தி நின்றால், "நீங்கள் முதலில் வாங்குங்கள் அக்கா" என்று சொல்லுவோம். பச்சைப் புத்தகத்தின் பாடம் அவ்வளவுதான்.